பழைய டீசல் வீட்டு வண்டி வாங்குமுன்: எந்த அறிகுறிக்கு என்ன காரணம், எதைச் சரிசெய்யலாம், எதை விட்டுவிட வேண்டும்

ஈ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) பணம் கைக்கு வந்ததும் ஒரு பழைய டொயோட்டா கோஸ்டரையோ நிசான் சிவிலியனையோ வாங்கி, அதிலேயே குடியிருக்கலாம் என்ற யோசனை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் பலருக்கு வந்திருக்கிறது. லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், பட்டணத்து வாடகையோ கட்டுப்படியாகாது. யோசனையில் தப்பில்லை. ஆனால் 55 வயதில் எடுக்கும் அந்தச் சேமிப்பு ஒரு முறைதான் வரும். அதை ஓட்டை வண்டியில் போட்டுவிட்டு நிற்பவர்களைப் பார்க்க மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனத்தில் வையுங்கள். எஞ்சின் கோளாறை இந்த ஊரிலேயே சரிசெய்துவிடலாம். தோட்டத்து டிராக்டரிலும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலும் கை பழகிய போமன்கள் (மெக்கானிக்குகள்) இங்கே இருக்கிறார்கள், பழைய ஜப்பான் டீசல் எஞ்சின் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. தண்ணீர் புகுந்த பாடியும், கோளாறான கிராண்டும் (வண்டியின் பதிவுப் பத்திரம்) அப்படியில்லை. அவை பணத்தைத் தின்றுகொண்டே இருக்கும். வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, கட்டில் மெத்தையில் உட்கார்ந்து பார்த்து, முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

கையோடு ஒரு டார்ச் லைட், வோல்ட் மீட்டர், ஐஸ்பெட்டியில் ஒட்டும் காந்தம், சின்னச் சுத்தியல், மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில், பழைய துணி கொண்டு போங்கள். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். விடியற்காலையில் எஞ்சின் சூடாகுமுன் ஒரு தடவை, சாயங்கால மழை அடித்து ஓய்ந்ததும் ஒரு தடவை. பேராக்கில் மழைக்குப் பஞ்சமில்லை, காத்திருக்கலாம்.

கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை, அல்லது அளவுக்கு மீறிய வாசனை

வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதையும் பூஞ்சை வாடையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது.

ஈரம் வரும் வழிகள் பெரும்பாலும் நான்கு: கூரையில் ஏர்கானோ காற்றாடியோ சோலார் தகடோ பொருத்தத் துளைத்த இடங்கள், ஜன்னல் ரப்பர், முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, கூரையும் பக்கச் சுவரும் சேரும் மடிப்பு. மேலே இருந்து இறங்கும் தண்ணீர் துளைக்கு நேர் கீழே சொட்டாது. கூரைப் பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஓடி, வண்டி சாய்ந்து நிற்கும் பக்கமாக மூலையில் இறங்கும். அதனால் கறை தெரியும் இடத்தை மட்டும் பூசி அடைத்துவிட்டு, "சரி பண்ணியாச்சு" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

மழை ஓய்ந்தவுடன் உள்ளே போய், அலமாரிகளைத் திறந்து, மேல் மூலைகளில் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல பிளைவுட் விரலுக்கு எதிர்த்து நிற்கும். ஊறிய பிளைவுட் மெல்ல உள்வாங்கி, விரலை எடுத்ததும் குழி அப்படியே நிற்கும். தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். படிக்கட்டுப் பக்கம், தொட்டிக்கு அடியில், குளியல் மறைவுக்கு முன்னால் கால் லேசாகப் புதைகிறதா என்று பாதம் சொல்லிவிடும். கட்டில் அடியில் உள்ள திருகாணிகளைப் பாருங்கள். தலை துருப்பிடித்து, சுற்றிலும் மரம் கறுத்திருந்தால் அந்த ஈரம் பல மாதத்துப் பழசு.

ஒரு ஜன்னல் ரப்பர் கசிவு என்றால் ரப்பரை மாற்றிப் பசை போட்டு முடித்துவிடலாம். விலையில் குறைத்துக் கேளுங்கள். கூரையின் இரண்டு மூலைக்கு மேல் மெத்தென்று இருந்தாலோ, தரை அசைந்தாலோ, உள்வேலை முழுவதையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். கட்டில், அலமாரி, வயரிங், இன்சுலேஷன் எல்லாம் வெளியே வரும். அதற்கு ஆகும் செலவு வண்டியின் விலையை நெருங்கிவிடும். எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

தட்டினால் சத்தம் மாறுகிறது, காந்தம் ஒட்டவில்லை

பெயின்ட் புதிதாக இருக்கும் இடத்தில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் தகரம் போய் புட்டி (ஓட்டையை அடைக்கப் பூசும் பசை) நிற்கிறது. சக்கர வளைவு, கதவுக் கீழ் விளிம்பு, முன் கண்ணாடிக்குக் கீழே, பின்புற மூலை ஆகிய இடங்களில் முதலில் பாருங்கள்.

பிறகு அடியில் படுங்கள். சேசிஸ் சட்டத்தில் செதில் செதிலாக உரியும் மேல்துரு பயப்படும்படியானது இல்லை. சுத்தியலால் தட்டும்போது "டங்" என்று இரும்புச் சத்தம் வந்தால் போதும். "பொத்" என்று அமுங்கிய சத்தம் வந்தாலோ, சுத்தியல் முனை உள்ளே இறங்கினாலோ, அதுவும் ஸ்பிரிங் மாட்டும் இடம், ஸ்டியரிங் பெட்டி மாட்டும் இடம் ஆகியவற்றுக்கு அருகில் என்றால், பேச்சை முடித்துக்கொள்ளலாம். அடிப்பக்கம் முழுக்கப் புத்தம் புதிய கறுப்புத் தார் பூசியிருந்தால் என்ன மறைக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கொஞ்சம் சுரண்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறது

நீங்கள் போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், "நாளைக்கு வருகிறேன், தொடாமல் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பழைய டீசல் தன் உண்மையைக் குளிர்ந்த நேரத்தில்தான் சொல்லும்.

ஸ்டார்ட்டர் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் முதலில் பேட்டரியும் எர்த் வயரும். பேட்டரி முனையில் வோல்ட் மீட்டரை வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் வண்டியில் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். இறங்கவில்லை, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் வயரையோ ஸ்டார்ட்டரையோ பாருங்கள். எல்லாமே சின்னச் செலவு.

வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை, புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருகிறது, பற்றியதும் கொஞ்ச நேரம் ஒரு காலை இழுத்து ஓடுவதுபோல் குலுங்குகிறது என்றால் ஹீட்டர் பிளக் (குளிர்ந்த எஞ்சின் பற்றச் சூடு கொடுப்பது) ஒன்றிரண்டு போயிருக்கலாம். நம் ஊர்க் காலை நேரக் குளிர் ஒன்றும் பெரிதல்ல. அதற்கே இப்படி என்றால் பிளக் மட்டும் காரணமா, கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) குறைந்துவிட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். போமனிடம் கம்ப்ரெஷன் அளக்கச் சொல்லுங்கள். எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி கொஞ்சம் குறைந்திருந்தால் வயதான எஞ்சின், இன்னும் ஓடும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ உடைந்திருக்கலாம்.

வேகமாகச் சுற்றுகிறது, புகையே இல்லை என்றால் டீசல் எஞ்சினுக்கு வந்து சேரவில்லை. இரவில் குழாயில் எங்கோ காற்று புகுந்து டீசல் தொட்டிக்குத் திரும்பி ஓடியிருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பை அழுத்திக் கெட்டியாக வந்ததும் ஸ்டார்ட் அடித்துப் பாருங்கள். உடனே பற்றினால் காரணம் உறுதி. பழைய ரப்பர் குழாய், அதன் பிடிப்பு வளையம், கைப்பம்பின் வாஷர் ஆகியவற்றை மாற்றினால் போதும்.

புகையின் நிறம்

கறுப்பு: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, டீசல் தெளிக்கும் நோசல் தேய்மானம், டர்போ குழாயில் கிழிசல். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கொஞ்சம் கறுப்பு வருவது பழைய எஞ்சினுக்கு இயல்பு.

நீலம்: எஞ்சின் ஆயில் எரிகிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும்போது ஒரு வீச்சாக வந்தால் வால்வு சீலில் பாருங்கள். எந்நேரமும் வந்தால் ரிங் தேய்ந்திருக்கும், டர்போ உள்ள வண்டி என்றால் டர்போ சீலாகவும் இருக்கலாம்.

வெள்ளை: கண்ணை எரித்தால் எரியாத டீசல். எரிக்காமல், லேசாக இனித்த மணத்தோடு, எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால், துளையிலிருந்து புகை குப்பென்று வந்தால், ரிங் வழியே அழுத்தம் கீழே இறங்குகிறது. ஓவர்ஹால் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

இந்த இடத்தில் தோட்டத்து வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விற்பனைக்கு வரும் பழைய மினி பஸ்களில் சில, தொழிலாளிகளையோ பள்ளிப் பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையிலேயே வாழ்ந்தவை. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, ஃபில்டருக்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். சிவப்பாக வந்தால் செம்மண் தூசி வருஷக் கணக்காக எஞ்சினுக்குள் போயிருக்கிறது. அது ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாள்போல் சிலிண்டரைத் தேய்க்கும். மீட்டரில் கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த எஞ்சின் கிழடுதான். கம்ப்ரெஷன் அளக்காமல் வாங்கவே கூடாத வண்டி இது.

சமதரையில் நன்றாக ஓடுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை

ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காத வண்டி பார்க்காத வண்டிதான். இங்கிருந்து ஈப்போ போய், ஜெலாப்பாங் பக்கம் வடக்கு நோக்கி நெடுஞ்சாலை ஏறி, மெனோரா சுரங்கப்பாதை வரை இழுக்க விடுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, உள்ளே நாலு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். குடியிருக்கும் வண்டி எப்போதும் பாரத்தோடுதான் ஓடும்.

தொடக்கத்தில் இழுத்து, போகப் போகச் சக்தி குறைந்து, நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி இழுத்தால் டீசல் ஓட்டத்தில் அடைப்பு. காரணம் பெரும்பாலும் ஃபில்டர், அல்லது தொட்டிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை.

கண்ணாடிப் பாட்டிலுக்கு இங்கேதான் வேலை. ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். அதைத் திறந்து அரைப் பாட்டில் டீசல் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவான மஞ்சளாக நின்றால் நல்லது. அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் கறுப்பாக, கொழகொழவென்று சளி மாதிரி ஒரு படலம் மிதந்தால், டீசலில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. ஃபில்டரை மாற்றினாலும் சில வாரத்தில் மறுபடி அடைக்கும். தொட்டியைக் கழற்றிக் கழுவி, குழாய்களை ஊதி, மருந்து ஊற்றித்தான் ஓட்ட வேண்டும். செய்யக்கூடிய வேலைதான், பயப்பட வேண்டாம்.

இது நம் நாட்டில் ஏன் அதிகம் என்றால், பம்பில் கிடைக்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. 2019-இல் வாகன டீசலில் அந்தக் கலப்பு 10 விழுக்காடு ஆனது. நம் தோட்டத்துப் பழத்தின் எண்ணெய் நம் வண்டியில் எரிவது நல்ல சங்கதி. ஆனால் பயோடீசல் வெறும் டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியின் தொட்டியில் பழைய படிவுகளை இளக்கி ஃபில்டருக்குக் கொண்டு வரும். பழைய ரப்பர் குழாய்களை உப்பவைத்து மெத்தென்று ஆக்கும். ஆகவே 1990-களின் வண்டி வாங்கினால், எரிபொருள் ரப்பர் குழாய் அத்தனையையும் முதல் மாதத்திலேயே மாற்றிவிடுங்கள். இரண்டு ஃபில்டர் உபரியாக வண்டியில் இருக்கட்டும். தொட்டியை அரையாக விட்டு நிறுத்தாதீர்கள், காலி இடத்தில்தான் ஈரக்காற்று தண்ணீராகப் படியும்.

ஏற்றத்தில் சூடு ஏறுகிறது

அதே மெனோரா ஏற்றத்தில் ஏர்கானைப் போட்டு ஏறுங்கள். முள் கொஞ்சம் ஏறி இறக்கத்தில் இறங்கினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், விசிறிப் பிடிப்பு என்று சாதாரணக் காரணங்கள். ரேடியேட்டரை வெளிப்பக்கம் பாருங்கள். பூச்சியும் செம்பனை நாரும் மண்ணும் சேர்ந்து அடைத்திருப்பது இங்கே சகஜம்.

பயப்பட வேண்டிய அறிகுறி வேறு. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிஷத்திலேயே ரேடியேட்டரின் மேல் குழாயை அமுக்கிப் பாருங்கள். சூடாகுமுன்பே கல்லாக விறைத்தால், சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது. கேஸ்கெட் போயிருக்கும், இல்லையென்றால் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டிருக்கும். ஆயில் மூடியின் உள்பக்கம் மைலோ நிறத்தில் நுரைத்திருந்தாலும் அதே சந்தேகம்தான். ஹெட்டைக் கழற்றாமல் எந்தச் செலவு என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வண்டிக்கு, ஹெட் விரிசல் விட்டுத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். வெந்நீர் முகத்தில் அடித்து வெந்து போனவர்கள் உண்டு.

பிரேக் மிதி கல்லாக இருக்கிறது, அல்லது இறக்கத்தில் பஞ்சாகிறது

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின்போல் வெற்றிட உறிஞ்சல் தானாகக் கிடைக்காது. அதற்குத் தனிப் பம்பு உண்டு. அந்தக் காலத்து ஜப்பான் டீசல்கள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். மிதி கல்லாக இருந்தால் அந்தப் பம்பு, அதன் குழாய், பூஸ்டர் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். ஆல்டர்னேட்டர் ஆயிலில் நனைந்திருந்தால் பம்பின் சீல் ஒழுகுகிறது. சார்ஜும் போகும், பிரேக்கும் போகும். உடனே செய்ய வேண்டிய வேலை.

நீண்ட இறக்கத்தில் மிதி பஞ்சாக இறங்கினால் பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சிக் கொதிக்கிறது. ஆயிலை மாற்றலாம். ஆனால் இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினால் பிடித்து இறங்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைப்பது) உள்ள வண்டி என்றால் அது வேலை செய்கிறதா என்று அங்கேயே சோதியுங்கள். கேமரன் மலைக்கு இதில் போகும் எண்ணம் இருந்தால் பிரேக்கில் ஒரு காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

அறிகுறியே காட்டாதவை

டைமிங் பெல்ட் எச்சரிக்காமல் அறும். கோஸ்டரில் வரும் 1எச்.இசட். என்ற 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் பெல்ட் உள்ளது, 100,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். மாற்றியதற்குச் சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். சிவிலியனில் வரும் டி.டி.42 எஞ்சினிலும் கோஸ்டரின் பழைய 14பி எஞ்சினிலும் பல்சக்கரம், அந்தக் கவலை இல்லை.

டயரில் பட்டை ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நின்றே பழசான டயர் பாரத்தில் வெடிக்கும்.

செம்பனை ஓரம் நிறுத்திய வண்டி என்றால் எலி. காய்ந்த செம்பனைக் கொட்டை, கடித்த வயர், இன்சுலேஷனில் கூடு ஆகியவற்றை டாஷ்போர்டுக்குப் பின்னாலும் கட்டில் அடியிலும் தேடுங்கள். எலி இருந்த இடத்துக்குப் பாம்பும் வந்திருக்கும், கையை விடுமுன் லைட் அடியுங்கள்.

நடுராத்திரியில் மின்சாரம் தீர்ந்துவிடுகிறது

வாரக் கடைசிக்கு வெளியே போகிறவருக்கு இது சின்னத் தொல்லை. அதிலேயே குடியிருப்பவருக்கு இதுதான் வாழ்வா சாவா என்பது, குறிப்பாக வயதானவர்களுக்கு.

முதலில் வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். கோஸ்டர் வகை பஸ்களில் பல 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்தது. உள்ளே விளக்கு, காற்றாடி, தண்ணீர்ப் பம்பு எல்லாம் 12 வோல்ட். இதைச் சமாளிக்கச் சிலர் இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுகிறார்கள். எஞ்சினை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று 12.7, இன்னொன்று 12.0 என்று காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஒன்று பட்டினி கிடக்கிறது, இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி வேகிறது. இரண்டும் சீக்கிரம் சாகும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் சார்ஜரும், வீட்டுப் பயனுக்குத் தனி பேட்டரியும் வைத்தால் தீர்ந்தது. எஞ்சின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் 27.6 முதல் 28.8 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆல்டர்னேட்டர்.

அடுத்து கணக்கு. 100 ஆம்ப்-மணி, 12 வோல்ட் சாதாரண ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும். அதாவது சுமார் 600 வாட்-மணி. இரண்டு 12 வோல்ட் காற்றாடியும் விளக்கும் சின்ன ஐஸ்பெட்டியும் ஒரு ராத்திரிக்கு இதற்குள் அடங்கிவிடும். ஒரு குதிரைச் சக்தி இன்வெர்ட்டர் ஏர்கான் சராசரியாக 450 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 3,600 வாட்-மணி. அதே ஈய பேட்டரி ஆறு வேண்டும். கூரையில் 400 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் 1,200, 1,300 வாட்-மணி அளவுதான் வரும். மேகமூட்டத்திலும் செம்பனை நிழலிலும் அதுவும் வராது.

ஆகவே "ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும்" என்று விற்பவர் சொன்னால், வெளியில் கரண்ட் மாட்டாமல் ஒரு ராத்திரி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். என் கருத்தில், நம் ஊர்ச் சூட்டுக்குக் கூரை இன்சுலேஷனும், எதிரெதிர் ஜன்னலும், கூரைக் காற்றாடியும்தான் முதல் செலவு. மத்தியானம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற வண்டிக்குள் போய்க் கூரையின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் இன்சுலேஷன் இல்லை. எந்த ஏர்கானும் அதோடு மல்லுக்கட்டி ஜெயிக்காது.

வெளியிலிருந்து 240 வோல்ட் மாட்டும் வசதி இருந்தால், கசிவு வெட்டும் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஈரக் காலோடு இரும்பு வண்டியில் ஏறும் வீட்டில் இது உயிர் விஷயம்.

யாரும் குழாயைத் திறக்காமல் தண்ணீர்ப் பம்பு தானாக ஓடுகிறது

எங்கோ சொட்டுகிறது, அல்லது பம்பின் வால்வு பிடிக்கவில்லை. குழாய் இணைப்புகளைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே போனால் அகப்படும்.

கேஸ் வாடை

சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், தீக்குச்சியால் அல்ல. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படுக்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குத் தரை மட்டத்தில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். படுக்கைக்கு அடியில் சிலிண்டர் வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால், மாற்றும்வரை அதில் தூங்காதீர்கள்.

வண்டி பாரமாக, தள்ளாடி ஓடுகிறது

ஸ்பிரிங்கையும் புஷ்ஷையும் பார்க்குமுன் எடை போடுங்கள். செம்பனை ஆலைக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்க் கேட்டால் லோரித் தராசில் ஏற்ற விடுவார்கள். முன் சக்கரம், பின் சக்கரம், இடம், வலம் என்று தனித்தனியே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் ஒரே பக்கம் வைத்த வண்டி வளைவில் சாயும்.

எடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கார் லைசென்ஸான டி வகுப்பு, சரக்கில்லாத எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத்தான். பஸ் பாடியில் மரவேலை ஏறினால் அந்தக் கோட்டைத் தாண்டுவது சுலபம். கிராண்டில் எழுதிய எடையையும் தராசுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கிராண்டில் இருப்பதும் கண்ணில் பார்ப்பதும் ஒத்துப்போகவில்லை

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே தேடி, துடைத்து, படம் எடுத்துக் கிராண்டோடு ஒப்பிடுங்கள். ஹாஃப்-கட் கடையிலிருந்து (பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) எஞ்சின் மாற்றிய வண்டி இங்கே ஏராளம். மாற்றியது தப்பில்லை, ஜே.பி.ஜே.-யில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதியாததுதான் தப்பு. பஸ்ஸாகவோ வேனாகவோ பதிந்த வண்டிக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்திருந்தால், அந்த மாற்றத்துக்கும் ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும். பள்ளி பஸ், தொழிற்சாலை பஸ் என்று வணிகப் பயனில் இருந்தது என்றால் அது தனியார் பயனுக்கு மாற்றப்பட்டதா என்று பாருங்கள். "அப்புறம் மாத்திக்கலாம் அண்ணே, சுலபம்தான்" என்பார்கள். சுலபம் என்றால் அவரே மாற்றிவிட்டு விற்கட்டும்.

கிராண்டில் வங்கியின் உரிமைக் குறிப்பு இருந்தால் கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் நகராதீர்கள். உள்ளே செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லி, எதற்கெல்லாம் காப்பு உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய வண்டிக்கு முழுக் காப்பு கிடைப்பது கஷ்டம், மூன்றாம் நபர் காப்பு மட்டும் என்றால், தீப்பிடித்தால் வீடும் போச்சு, பணமும் போச்சு. தீயணைப்பான் இரண்டு, வாசலருகே ஒன்றும் படுக்கையருகே ஒன்றும்.

மாதச் செலவுக் கணக்கையும் பழைய விலையில் போடாதீர்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது, அதன்பின் சந்தை விலையோடு சேர்ந்தே போகிறது. இந்த அளவு வண்டிக்கு 100 கிலோமீட்டருக்கு 12 முதல் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் வாங்குமுன் பேசி முடியுங்கள். தோட்டத்து நிலம் கம்பெனி நிலம், மானேஜர் எழுத்தில் சொல்லாமல் நிறுத்த முடியாது. கக்கூஸ் தொட்டியைக் கால்வாயில் திறந்துவிடாதீர்கள், அந்தத் தண்ணீர் கீழே இன்னொரு லயத்துக்குப் போகிறது.

எல்லாம் பிடித்திருந்தாலும் முழுப் பணத்தை நீட்டாதீர்கள். சிறு முன்பணம் மட்டும் கொடுத்து, "உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனையில் வண்டி தேறாவிட்டால் முன்பணம் திரும்ப வரும்" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சோதனைக்கு வண்டியை விற்பவரே ஓட்டி வரட்டும், நீங்களும் போமனோடு கூடப் போங்கள். சோதனைக் குழியின் மேல் வண்டி நிற்கும்போது அடிப்பக்கத்தை இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்கும். உரிமை உங்கள் பெயருக்கு மாறியதை மைஜே.பி.ஜே. செயலியில் பார்த்த பிறகு மிச்சப் பணத்தை வங்கி வழியாகப் போட்டு, ரசீதைக் கிராண்டோடு சேர்த்து வையுங்கள்.